படித்தவர் கை என்ன செய்கிறது?

வங்கதேசத்தில் 1980இல் பிராக் என்ற தொண்டு அமைப்பு ஒரு பெரிய வேலையில் இறங்கியது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிக் குழந்தைகள் சாகாமலிருக்க, உப்பும் வெல்லமும் கலந்த கரைசலை வீட்டிலேயே தயாரிக்கத் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் தராசும் இல்லை. மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அளவை வகுத்தார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, தண்ணீர் கூடினால் பலன் குறையும். அதனால் அந்தந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் மட்டத்தை அடையாளம் காட்டினார்கள்.

பயனர் கையேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு, அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பாடம். பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அவற்றில் சில வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்பார், கரைசலைக் கலக்கச் சொல்லிப் பார்ப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குக் கூலி. பத்தாண்டில் 1.2 கோடி வீடுகளுக்கு இப்படிப் போயிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பக்கத்துக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. படித்தவருக்குப் புரிந்ததா என்று பார்த்துக் கூலி கொடுத்தால் பல கையேடுகள் பாதியாக இளைத்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் எழுதுவது வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டருக்கான கையேடு. பொறியாளர் தரும் குறிப்பில் கருவி எப்படி இயங்குகிறது என்பது வரிசையாக இருக்கும். வாங்கியவருக்கோ தன் கை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தாக வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவைக் கூட்டிக் காட்டிவிடும்; ஈர விரலென்றால் ரத்தம் நீர்த்துப்போகும். கையைக் கழுவித் துடையுங்கள் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் என்ன பயன்? அங்கே வருவதற்குள் விரலைக் குத்தியாகிவிட்டது. அதையே முதல் படியாக வைக்கிறேன்.

வரைவு முடிந்ததும், அந்தக் கருவியைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் இரண்டையும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். வாய் திறக்க மாட்டேன். ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார் என்றால், எந்த முனையைச் செருகுவது என்று நான் சரியாகச் சொல்லவில்லை. புரிகிறதா என்று மட்டும் கேட்கவே கூடாது; மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவார்கள்.

தாய்மாருக்குத் தெரிந்திருந்தும் பல வீடுகளில் கரைசலைக் கொடுக்கவில்லை என்பதையும் பிராக் கண்டது. ஆண்களிடம் யாரும் பேசாதது ஒரு காரணம். பிறகு சந்தையிலும் மசூதியிலும் அவர்களைப் பார்த்துப் பேசினார்கள். என் கையேட்டையும் பல வீடுகளில் பேத்தியோ மருமகளோதான் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். அதனால் ஒவ்வொரு படியையும் வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறேன். நடுவில் மூச்சு வாங்கினால் வாக்கியத்தை இரண்டாக உடைக்கிறேன்.