கோணலாக வரும் விலாச்சட்டங்கள்

சொந்த வீட்டின் கார்க் கொட்டகையிலேயே ஆகாய விமானத்தை நிர்மாணித்து, அதிலேயே ஏறிப் பறந்துவருகிற மனிதர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உண்டு என்றால், நம்மில் பலர் அதை அதிசயோக்தி என்றே தள்ளிவிடக்கூடும். ஆனால் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் வேலையின் பெரும்பகுதியைத் தம் கையாலேயே செய்து முடித்தாரானால், அவ்விமானம் பறப்பதற்கு அந்நாட்டுச் சட்டமே இடங்கொடுக்கிறது. ஓரிகான் மாகாணத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய வான்ஸ் கம்பெனியின் ஆர்வி ரக விமானங்கள் மட்டுமே, இவ்விதமாக 10,000-க்கு மேல் பறந்திருக்கின்றன.

இக்கம்பெனியிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் விமானப் பாகங்களைப் பிரித்ததும் புதியவர் முதலில் திகைப்பது விலாச்சட்டங்களைக் கண்டுதான். இறக்கையின் உள்ளே வரிசையாக நின்று அதற்கு உருவம் கொடுப்பவை இவை. ரிப் என்பது தொழிலில் வழங்கும் பெயர். அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கோ சற்று மேலோ கனமுள்ள அலுமினியத் தகட்டை அச்சுக்கட்டையின்மேல் வைத்து, ரப்பரின் வழியாகப் பெரும் அழுத்தம் செலுத்தி ஓரத்தை மடித்துச் செய்கிறார்கள். அப்படிச் செய்த சட்டத்தை மேஜைமேல் கிடத்தினால் அது ஒட்டிப் படியாமல் வளைந்து நிற்கிறது. பணம் வீணாயிற்றே என்று அவர் வியாகூலப்படுவதில் ஆச்சரியமில்லை. எனினும் இது தொழிற்சாலையின் அசிரத்தையன்று, உலோகத்தின் சுபாவம். வெளிநோக்கி வளைந்த விளிம்பை மடிக்கும்போது, நீண்ட வளைவில் இருந்த உலோகம் குறுகிய வளைவுக்குள் அடங்க வேண்டியதாகிறது. அடங்காமல் மிஞ்சிய நீளம் சட்டம் முழுவதையும் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது.

பாவாடையின் இடுப்பில் மிகுதித் துணியைச் சுருக்கு வைத்துத் தைப்பது போன்றதே இதற்குரிய பரிகாரமும். ஆனால் அதற்கு முன், மடித்த ஓரம் தகட்டுக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து, அகன்ற வாயுள்ள குறட்டால் திருத்திக்கொள்ள வேண்டும். மடித்த உலோகம் சிறிது பின்வாங்கும் இயல்புடையதாகையால் இந்தக் குறை அநேகமாக எல்லாச் சட்டங்களிலும் இருக்கும். பிறகு எடுப்பது சுருக்குக் குறடு. அதன் ஒரு தாடையில் ஒற்றை விரலும், எதிர்த் தாடையில் இடைவெளி விட்டு இரட்டை விரலும் உண்டு. ஒற்றை விரல் ஓரமடிப்பின் வெளிப்புறத்தில் இருக்குமாறு பிடித்து, இரண்டு ரிவிட் துளைகளுக்கு நடுவே மெல்ல அழுத்தினால், சிறு பள்ளமொன்று உட்புறமாக விழுகிறது. திருப்பிப் பிடித்தாலோ புடைப்பு வெளியே வந்து, மேலே போர்த்தும் தகட்டை முட்டும்! ஓரிடத்தில் பலமாக அமுக்காமல், பல இடங்களில் சிறிது சிறிதாகச் சுருக்கி, ஒவ்வொரு முறையும் துளைகளின் வரிசையில் நேர்விளிம்புக் கோலை வைத்துப் பார்க்க வேண்டும். வளைவு மிகுந்த மூக்குப் பகுதியில் சுருக்கங்களும் அதிகம் தேவைப்படும். அளவு மீறினால் சட்டம் எதிர்ப்பக்கம் சாயும்; அப்போது அகன்ற குறட்டால் பள்ளத்தைச் சற்றுத் தட்டையாக்கினால், இழந்த நீளம் திரும்பக் கிடைத்துவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, மேல்தகட்டை ரிவிட் அடிக்கையில் சட்டம் தானே நேராகிவிடுமே என்பாரும் உளர். ஓரளவு ஆகும்தான், ஆனால் துளைக்குத் துளை பொருந்தாத சட்டத்தைப் பலவந்தமாக இழுத்துப் பூட்டினால், அந்த இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கிப்போவதோடு, மேல்தகடும் அலையலையாகத் தெரியும் என்பதால், குறட்டைக் கையிலெடுக்கிறவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.