ரேடியோவை விற்ற காசில் வந்த இசை

1968-ஆம் ஆண்டு. தேனிப் பக்கம் பண்ணைப்புரம் என்ற கிராமத்தில் சின்னத்தாயி என்ற தாய், வீட்டிலிருந்த ரேடியோவை விற்றார். கிடைத்த 400 ரூபாயில் தனக்கென்று ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளாமல், சென்னைக்குக் கிளம்பிய மகன்களிடம் கொடுத்தார். அந்த மகன்களில் ஒருவர் ராசய்யா. இன்று உலகம் அவரை இளையராஜா என்கிறது.

வானொலியில் வேலை பார்க்கும் எனக்கு இந்தச் செய்தி எப்போதும் ஒரு சிலிர்ப்பு. ஒரு வீட்டில் ரேடியோ மௌனமானது. எத்தனையோ வீடுகளின் ரேடியோக்கள் அதனால் பாடின. நேயர் விருப்பத்தில் அவர் பாட்டு ஒலிக்காத நாள் ஏது?

அவர் கதையில் நம் பேராக் மக்கள் கவனிக்க வேண்டிய பகுதி சென்னைக்கு முன்பே தொடங்குகிறது.

தோட்டத்தில் பழகிய காது

அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். ரோசம்மா புன்னூஸ் வேட்பாளர். வாக்காளர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடம் மேடைப் பேச்சைவிட மெட்டு வேகமாகப் போய்ச் சேரும். பாடப் போனார் வரதராசன். கூடவே போனவர்களில் ஒருவர் பதின்ம வயதுத் தம்பி ராசய்யா. அடுத்த பத்தாண்டுகள் அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் பயணம்.

அங்கே தேயிலை, இங்கே ரப்பர். லயன் வீடும் கங்காணியும் இரண்டு பக்கமும் உண்டு. நாற்று நடும் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் இரண்டு பக்கமும் ஒரே ஊர்களிலிருந்து கப்பலேறியும் மலையேறியும் போனவைதாம். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நம் தோட்டத்து மக்கள் அந்த இசையை அந்நியமாக நினைக்காததற்கு இதுவே காரணம். அந்த வெற்றியைப் பார்க்க அண்ணன் வரதராசன் உயிரோடு இல்லை.

நம் மண்ணின் குரலும் அந்த இசையில் கலந்தது. மலேசியாவில் பிறந்த வாசுதேவன், ஊர்ப் பெயரையே முன்னால் சேர்த்துக்கொண்டு, ‘16 வயதினிலே’யில் பாடினார், ‘முதல் மரியாதை’யில் சிவாஜிக்கே குரலானார்.

கேட்டது போதாது, எழுதக் கற்றார்

கிராமத்து மெட்டு கையில் இருந்தாலே போதும் என்று அவர் நினைத்திருந்தால், கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்து மேற்கத்திய இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் கற்றார். பாக், மொசார்ட், பீத்தோவன் அறிமுகமானது அங்கேதான். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். கன்னடப் படங்களுக்கு இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை செய்தார். பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’ வாய்ப்பைத் தரும்போது அவருக்கு வயது 30-ஐத் தாண்டிவிட்டது.

இந்தப் படிப்பின் பலன் பின்னணி இசையில்தான் முழுதாகத் தெரிகிறது. பாட்டு தனியாக நிற்கும். பின்னணி இசை காட்சிக்குள் கரைய வேண்டும். அவர் படத்தைப் பார்ப்பார். பிறகு வாத்தியத்தைத் தொடாமலே, வயலினுக்கு இன்னது, புல்லாங்குழலுக்கு இன்னது என்று தாளில் எழுதிக் கொடுப்பார். கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள். மனத்தில் கேட்டதைத் தாளில் இறக்கத் தெரிந்ததால்தான் 1000 படங்கள் அவருக்குச் சாத்தியமாயின. எங்கே இசை வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரியும். பாத்திரம் மூச்சுவிடும் இடத்தில் வாத்தியங்களும் வாய் மூடும்.

தேசிய விருது அவரை ஐந்து முறை தேடி வந்தது. முதல் மூன்றும் பாடல்கள் கொண்டாடப்பட்ட ‘சாகர சங்கமம்’, ‘சிந்து பைரவி’, ‘ருத்ரவீணா’ படங்களுக்கு. கடைசி இரண்டும் பின்னணி இசைக்கு: ‘பழசிராஜா’, ‘தாரை தப்பட்டை’. இதில் இரண்டாவது, கரகாட்டக் குழுவின் கதை. தெருவில் அடிக்கும் பறையும் தவிலும் தேசிய விருது மேடைக்குப் போன கதை என்றும் சொல்லலாம். 2025 மார்ச் 8-இல் தம் 81-ஆவது வயதில் லண்டனில் சொந்த சிம்பொனியை அரங்கேற்றினார்.

நம் பிள்ளைகளுக்கு

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும்போது உருமி மேளம் அடிக்கும் பையன்களைப் பாருங்கள். ஜெலாப்பாங், புந்தோங், சுங்கை சிப்புட் என்று எல்லாப் பக்கமும் இப்படிப் பையன்கள் இருக்கிறார்கள். தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியிருப்பார்; பேரன் தாமான் வீட்டில் வளர்கிறான். யாரும் சொல்லித்தராமல் காதால் கேட்டே சிக்கலான தாளத்தையும் பிடித்துக்கொள்கிறான். நாமோ ‘சத்தம்’ என்று முகம் சுளிக்கிறோம், ‘படிக்காத பசங்க’ என்று ஒதுக்குகிறோம்.

அண்ணனோடு மேடையேறிய ராசய்யாவையும் அன்று சிலர் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவரிடம் இருந்த காது இந்தப் பையன்களிடமும் உண்டு. இவர்களுக்குக் கிடைக்காதது ஒரு தன்ராஜ் மாஸ்டர்தான். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ வாரம் ஒரு மணி நேரம், அடிக்கும் தாளத்தை எழுதவும் எழுதியதைப் படிக்கவும் சொல்லித்தர ஓர் ஆசிரியர் போதும். இசை தெரிந்தவர்கள் நம் ஈப்போவில் இல்லாமலா போனார்கள்?

சின்னத்தாயி ரேடியோவை விற்றார். நாம் எதையும் விற்க வேண்டியதில்லை. அடுத்த முறை உருமி கேட்கும்போது, அடிக்கும் பையனிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “தம்பி, இதை எழுதக் கத்துக்கிறியா?”