நாடி துடிக்காத மனிதர்!

உங்க மணிக்கட்டுல ரெண்டு விரலை வெச்சுப் பாருங்க. 'டக் டக்'னு துடிக்குதா? அதுதான் நாடி. அந்தத் துடிப்பு கைக்கே தெரியாம ஒருத்தர் ஏழு வருஷத்துக்கு மேல நடமாடினார்னா நம்புவீங்களா?

எங்க தாத்தாவுக்கு 'ஹார்ட் ஃபெயிலியர்'னு டாக்டர் சொன்னதும் பாட்டி அழுதுட்டாங்க. இதயம் நின்னுடும்னு நினைச்சோம். அப்படி இல்லையாம்! நம் இதயம் ஓய்வா இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அது பலவீனமாகி, உடம்புக்குத் தேவையான அளவு தள்ள முடியாமல் போவதுதான் இதயச் செயலிழப்பு. அதனால் மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

பலருக்கு மாத்திரை போதும். அதுக்கும் கேட்காத சிலருக்குத்தான் உள்ளே பொருத்தும் பம்பு.

இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் ஹௌட்டனுக்கு 2000-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் 'ஜார்விக் 2000' என்ற பம்பைப் பொருத்தினார்கள். இதயத்தை எடுத்துட்டாங்களா? இல்லை. கட்டைவிரல் அளவுள்ள பம்பை இடது வெண்ட்ரிக்கிளில் வைத்தார்கள். அதன் விசிறி நிமிடத்துக்கு 8,000 முதல் 12,000 தடவை சுற்றி, இரத்தத்தைப் பெருந்தமனிக்கு அனுப்பும்.

சரி, நாடி ஏன் தெரியலை? அடிபம்பில் தண்ணீர் விட்டு விட்டு வரும். மோட்டார் பம்பில் ஒரே சீராகக் கொட்டும். அவ்வளவுதான் விஷயம்!

கரண்ட்? இடுப்பில் பேட்டரி. அதிலிருந்து ஒயர் காதுக்குப் பின்னால் உள்ளே போகும். பேட்டரி தீரும் முன் மாற்றியே ஆகணும். ஹௌட்டன் 2007 வரை வாழ்ந்தார்.

2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஹார்ட்மேட் 3' பம்பில், சுழலும் பகுதி காந்த விசையால் எதையும் தொடாமல் மிதக்கிறது. உராய்வு இல்லை, உள்ளே இரத்தம் உறைவதும் குறைவு. ஆனால் ஒயர் இன்னும் தோலைத் துளைத்துத்தான் வருகிறது. அந்த இடத்தில் கிருமி தொற்றலாம். நீச்சலும் கூடாது. ஒயரே இல்லாத பம்பு வேணும்னு விஞ்ஞானிகள் முயற்சி செய்றாங்க.

எங்க தாத்தாவுக்கு மாத்திரையும் உப்புக் குறைந்த சாப்பாடும்தான். ஊறுகாய் பாட்டிலைப் பாட்டி ஒளிச்சு வெச்சிருக்காங்க!

நண்பர்களே, உங்க வீட்டுப் பெரியவங்களுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கினா, 'வயசாயிடுச்சு'ன்னு விட்டுடாதீங்க. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

சிந்திக்க: ஒயர் இல்லாம உடம்புக்குள்ள கரண்ட் அனுப்ப முடியுமா? நம்ம வகுப்பிலிருந்தே ஒருத்தர் கண்டுபிடிக்கலாமே!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி