எழுத்தின் திசையில் ஓடும் கண்

புகைப்படத்தில் கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்குப் போகும் சாலை ஏற்றமாகத் தெரியும். அதே படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டால் ஏற்றம் இறக்கமாகிவிடும். விரிவுரையில் படவில்லையை (ஸ்லைடை) இடவலம் மாற்றிச் செருகிவிட்டால் ரஃபேலின் ஓவியங்கூட வேறொன்றாகிவிடுவதைக் கவனித்த சுவிட்சர்லாந்துக் கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் வுல்ஃப்லின், 1928-இல் இதைப் பற்றி எழுதினார். ஏன் இப்படி என்பதற்கு அவர் முடிவான காரணம் சொல்லவில்லை.

காரணத்தில் ஒரு பங்கு எழுத்துக்கு உண்டு. சில்வி ஷோக்ரோனும் மரியா டி அகோஸ்தினியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் காட்டி எது அழகு என்று கேட்டார்கள். பிரெஞ்சு படிப்போருக்கு இடமிருந்து வலம் நோக்கும் படம் பிடித்தது. எபிரேயம் படிக்கும் இஸ்ரேலியருக்கு வலமிருந்து இடம் நோக்குவது.

பார்ப்பவரின் பழக்கம் இப்படி என்றால், படம் எடுப்பவரின் பழக்கம்? அதற்கு ஈரான் நல்ல சான்று. 1840-களின் தொடக்கத்திலேயே கேமரா அங்கு வந்துவிட்டது. 1848-இல் அரியணை ஏறிய நாசிருத்தீன் ஷாவே புகைப்படப் பித்தர். பாரசீகமோ வலமிருந்து இடம் எழுதப்படும் மொழி. 19-ஆம் நூற்றாண்டு ஈரானிய ஸ்டூடியோ படங்களை ஸ்பானியப் படங்களுடன் ஒப்பிட்டார் ஆய்வாளர் கார்மென் பெரெஸ் கொன்சாலெஸ். உயர வரிசையில் நிறுத்திய குடும்பம், ஜோடியாக அமர்ந்த தம்பதி, நாற்காலியருகே நிற்பவர் என எதை எடுத்தாலும், ஓரிடத்து அமைப்பு மற்றதன் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும் போக்கு தெரிந்தது. கருவி ஐரோப்பாவிலிருந்து வந்தது; ஆட்களை நிறுத்திய ஒழுங்கு உள்ளூருடையது.

எழுத்து மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. இடவெளிச் சமிக்ஞைகளைக் கவனிப்பதில் மூளையின் வலப்பாதிக்குப் பெரும்பங்கு இருப்பதால், பார்வை இயல்பாகவே சற்று இடப்புறம் சாயும். படிப்புப் பழக்கம் அந்தச் சாய்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

பழைய படங்களில் இதை ஆராய்வோருக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. நெகட்டிவ் இன்றி நேரே தகட்டில் பதிந்த படங்களில் இடமும் வலமும் மாறியிருக்கும். சட்டைப் பொத்தான், வாள் தொங்கும் இடுப்பு, துப்பாக்கியின் அமைப்பு ஆகியவற்றைச் சரிபார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. இரும்புத் தகட்டில் எடுத்த ஒரே படத்தை நம்பி, அமெரிக்கக் கொள்ளையன் பில்லி தி கிட்டை இடக்கையன் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். அந்த நம்பிக்கையைத் தலைப்பிலேயே தாங்கி 1958-இல் ஒரு ஹாலிவுட் படமும் வந்தது.