வெள்ளித்திரையும் நம் அளவுகோலும்

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' என்னும் படத்தின் வழியே திரை தமிழ் பேசத் தொடங்கியது. அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. கொட்டகையில் மட்டும் கேட்ட குரல் இப்போது தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நம் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. விஸ்வநத்தத்தில் வாழும் நமக்குத் திரையுலகோடு மற்றோர் உறவும் உண்டு. படம் வெளியாகுமுன் அதன் வண்ணச் சுவரொட்டியை அச்சிட்டு அனுப்பும் தொழில் நம் சிவகாசிக்கு நெடுநாளாய்ப் பழக்கமானது. சுவரொட்டி அச்சிடத் தெரிந்த நாம், படத்தைச் சீர்தூக்கிப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டாமா?

"படம் எப்படி?" என்று யாரேனும் கேட்டால், "பிரமாதம்" என்றோ "அறுவை" என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அரிசியைப் படியால் அளக்கிறோம். பூவை முழத்தால் அளக்கிறோம். படியைக் கொண்டு பூவை அளப்பார் இல்லை. சிரிக்க வைக்க எடுத்த படத்துக்கு ஓர் அளவு, சிந்திக்க வைக்க எடுத்த படத்துக்கு வேறோர் அளவு. ஆயினும் எல்லாப் படங்களையும் நோக்கி நாம் கேட்கத்தக்க பொதுக் கேள்வி ஒன்று உண்டு. உழைக்கும் எளிய மக்களையும், பெண்களையும், பிள்ளைகளையும் இப்படம் மதிக்கிறதா என்பதே அது. 2023 முதல் 2025 வரை வெளிவந்த ஐந்து தமிழ்ப் படங்களை இவ்விரு வகையாலும் அளந்து பார்ப்போம்.

சிரிப்புப் படம்

2025ஆம் ஆண்டு மே முதல் நாள் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதல் படம். பொருளாதார நெருக்கடியால் வாழ வழியின்றி இலங்கையிலிருந்து படகேறி வரும் ஒரு குடும்பம், தான் யாரென்பதை மறைத்துச் சென்னையில் குடியேறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோராக நடித்துள்ளனர். யாரையும் இழிவு செய்யாமல் சிரிக்க வைப்பது இப்படத்தின் பெருஞ்சிறப்பு. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறியாத தெருவில், வந்தேறிய குடும்பமே எல்லோரையும் ஒன்று சேர்க்கிறது. குறையும் உண்டு. கதையில் எல்லோரும் எளிதில் நல்லவராகி விடுகிறார்கள். இலங்கைத் தமிழர் முகாம்கள் நம் மாவட்டத்திலேயே உள்ளன. அங்கே வாழ்வோரின் துன்பம் ஒரு படம் ஓடும் நேரத்தில் தீர்வதன்று. எனினும், அவர்களை அயலாராக எண்ணாதே என்று சிரிப்பினூடே சொல்லும் படத்தை நாம் வரவேற்கிறோம்.

விளையாட்டுப் படம்

2024 செப்டம்பர் 20 அன்று வெளியானது 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்து இயக்கினார். கண்மாய் வற்றினால் அதையே கிரிக்கெட் திடலாக்கும் நம் பக்கத்துப் பையன்களுக்கு இப்படத்தை விளக்க வேண்டியதில்லை. வயதேறியும் மட்டையை விடாத ஒருவர். அவரை வீழ்த்தத் துடிக்கும் இளைஞன். அவ்விளைஞன் விரும்புவதோ அவருடைய மகளை! பந்தாட்டத்தின் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால், திறமை இருந்தும் சாதியின் பெயரால் அணியில் இடம் மறுக்கப்படுவதை அந்த விறுவிறுப்பின் நடுவிலேயே இயக்குநர் காட்டுகிறார். மேடைப் பேச்சாக அன்றி ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே அது வருகிறது. கணவரின் ஆட்ட மோகம் பொறுக்காமல் டிராக்டரைக் கொண்டுவந்து திடலையே உழுதுவிடும் யசோதையை மறக்க முடியுமா? இப்படத்தைப் பார்த்தபின் நம் ஊர்த் திடலில் பெண்பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்றும் நாம் கேட்கலாம்.

திகிலும் எச்சரிக்கையும்

2023 செப்டம்பரில் வெளியான 'சித்தா' பழனியில் நடக்கும் கதை. தந்தையை இழந்த சிறுமியைச் சித்தப்பா அன்போடு வளர்க்கிறார். பிள்ளைகளுக்குப் பெரியவரால் நேரும் தீங்கே கதையின் கரு. அதைக் காட்சிப்பொருள் ஆக்காமல், பிள்ளையின் அச்சத்தையும் குடும்பத்தின் தவிப்பையும் மட்டுமே இயக்குநர் சு. அருண்குமார் காட்டுகிறார். குற்றவாளியைக் கொன்றே தீருவேன் என்று சீறும் சித்தப்பாவை, இப்போது பிள்ளைக்குத் தேவை உன் பழிவாங்கலா, உன் துணையா என்னும் கேள்வியின் முன் நிறுத்துகிறாள் சக்தி என்னும் பெண். கத்தியைத் தூக்கியவனையே வீரனாகக் கொண்டாடும் படங்கள் மலிந்த காலத்தில் இது அரிய கேள்வி. சிறு பிள்ளைகளுக்கு இப்படம் ஏற்றதன்று. பெற்றோர் முதலில் தாம் பார்த்துவிட்டுப் பின்னர் வளர்ந்த பெண்களோடு அமர்ந்து பேசுவது நலம். பிள்ளைகளைக் காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது; 1098 என்னும் உதவி எண் இருக்கிறது. ஆயினும் வீட்டில் பிள்ளை அச்சமின்றி வாய் திறக்க முடிவதே முதற்காவல்.

மௌனப் போராட்டம்

2024 ஆகஸ்ட் 23 அன்று இரு படங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று 'கொட்டுக்காளி'. 'கூழாங்கல்' படத்துக்காக 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய பரிசைப் பெற்ற பி. எஸ். வினோத்ராஜ் இதன் இயக்குநர். குடும்பம் குறித்த மாப்பிள்ளையை ஏற்காமல் வாய் மூடியிருக்கும் மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். கதை இவ்வளவே. பின்னணி இசை சிறிதும் இல்லை. வழியில் ஒரு காளை மறித்து நிற்க, ஆண்கள் எல்லோரும் திகைக்கிறார்கள். ஒரு சிறுமி வந்து அதை எளிதாக ஓட்டிச் செல்கிறாள். மீனாவாக நடித்த அன்னா பென் பேசாமலே பேசுகிறார். முடிவைச் சொல்லாமல் படம் நின்றுவிடுவதால் சிலருக்கு ஏமாற்றம் உண்டாகும். ஆனால் விரைவை எதிர்பார்த்துப் போய்விட்டு "மெதுவாகப் போகிறது" என்று குறை கூறுவது, பூவைப் படியால் அளந்த கதையே. பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிய பெண் உண்மையில் யார் என்னும் கேள்வியோடு நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது படம்.

வாழைத்தாரின் கனம்

அதே நாளில் வந்த மற்றொரு படம் மாரி செல்வராஜின் 'வாழை'. தூத்துக்குடி மாவட்டத்தில் தாம் வளர்ந்த கதையையே அவர் படமாக்கியிருக்கிறார். சிவனணைந்தான் நன்றாகப் படிக்கும் சிறுவன். பள்ளி விடுமுறை வந்தால் மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவனுக்கோ வாழைத்தார் சுமக்கும் நாள். பள்ளிக்கூடம் திறப்பதே அவனுக்கு விடுதலை. தம் நண்பனோடு ரஜினியா கமலா என்று அவன் போடும் சண்டையில் நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். கூலியை உயர்த்திக் கேட்ட மக்கள், சுமை ஏற்றிய லாரியின் மேலேயே அமர்ந்து பயணம் போகும்போது அந்தச் சிரிப்பு உறைந்து போகிறது. ஆசிரியை மீது சிறுவன் கொள்ளும் பற்றைக் காட்டும் பகுதி சற்று நீண்டுவிட்டது. ஆயினும் கடைசிக் காட்சிகளில், பசியும் துயரமும் ஒரே பிள்ளையை ஒரே நேரத்தில் வாட்டுவதைக் கண்டு கலங்காதவர் இருக்க மாட்டார். வாழை சுமக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கரிசல் எழுத்தாளர் சோ. தர்மன் எழுதிய 'வாழையடி' என்னும் சிறுகதையையும் நாம் தேடிப் படிக்க வேண்டும்.

இப்படம் நமக்கு அயலூர்க் கதையன்று. வாழைத்தார் இருக்குமிடத்தில் தீக்குச்சியை வைத்துப் பார்த்தால் போதும். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் விடியுமுன் வண்டியேறிப் போன சிறுமிகள் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படத்தைச் சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்தார். குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளின் நிலை குறித்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளை ஆபத்தான வேலையிலிருந்து மீட்டுக் கல்வி தர வேண்டும் என்று ஆணையிட்டது. குச்சி அடுக்கிய கைகளுக்குப் பிறந்த மகள்களும் பேத்திகளும் இன்று எழுதுகோல் பிடித்திருக்கிறோம். 'வாழை'யைப் பார்த்து அழும் கண்ணீர் அந்தக் கைகளுக்கும் உரியது.

பெற்றோருக்கு ஒரு சொல்

சினிமா கெடுக்கும் என்று கதவை அடைத்த காலம் போயிற்று, கைப்பேசிக்குக் கதவில்லை. ஆகவே தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துப் பழகுவோம். 'யு' எல்லோருக்கும், 'ஏ' பெரியவர்களுக்கு மட்டும் என்பது நாம் அறிந்ததே. பெற்றோர் துணை வேண்டும் 'யுஏ' படங்கள், 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 7, 13, 16 என்று வயதால் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆனால் சான்றிதழ் வயதைச் சொல்லுமே அன்றித் தரத்தைச் சொல்லாது. அதை நாமே அறிய வேண்டும்.

ஒரு படம் முடிந்ததும் உடனே அடுத்த படத்துக்குத் தாவாமல், சற்று நேரம் வீட்டாரோடு அமர்ந்து பேசுவோம். இதில் உழைத்தவர் யார், பேசியவர் யார், வாயடைக்கப்பட்டவர் யார் என்று கேட்போம். அன்னை, அத்தை, பாட்டி ஆகியோரிடம் அந்தக் காலத்து ஆபீஸ் வண்டியைப் பற்றியும் கேட்போம். திரையில் வராத பல கதைகள் நம் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கின்றன.