கணுக்கால் சுளுக்கும் நின்றுபோன தறியும்

சங்கத்தின் கூலிப் பதிவேட்டைப் புரட்டும்போது என் கண் முதலிற் செல்வது தொகைகளின்மீது அன்று, வெற்றிடங்களின்மீதே. வாரந்தோறும் தவறாமல் துணி கொணர்ந்து ஒப்படைக்கும் அங்கத்தினர் ஒருவருடைய பெயருக்கு எதிரே திடீரென்று நான்கு வாரம் ஒன்றும் எழுதப்படாமல் இருக்குமானால், அதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருந்தே தீரும். ஈரோட்டுப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் அத்தகைய வெற்றிடத்தைக் கண்டு விசாரித்தேன். “அவருக்குக் கால் சுளுக்குங்க” என்றார் காரியதரிசி. சுளுக்குக்கு நான்கு வாரமா என்ற ஐயம் எழவே, அன்று மாலை அவர் வீட்டுக்கே சென்றேன்.

குழித்தறியில் முக்கால் பங்கு நெய்த பாவு அப்படியே நின்றது. தறி ஓடினால்தான் வீட்டு அம்மாளுக்குத் தார் சுற்றும் வேலையும் உண்டு. ஆகவே இராட்டையும் ஓய்ந்திருந்தது. அங்கத்தினர் திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிக் கறுத்து, அதன்மேல் புளிப்பற்றுக் காய்ந்து வெடித்திருந்தது. “ஒண்ணுமில்லைங்க ஐயா. குழியிலிருந்து ஏறும்போது பாதம் உள்ளுக்கு மடங்கிப் போச்சுங்க. மூணு தடவை உருவி விட்டாச்சு. வீக்கந்தான் வடிய மாட்டேங்குது” என்றார். மறுநாள் அரசினர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்ததில், கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. முறிந்த எலும்பை மூன்று முறை உருவியிருக்கிறார்கள்! அதற்குள் குடும்பச் செலவுக்கென்று தனி வியாபாரியிடம் கைமாற்று வாங்கியாகிவிட்டது. அந்தக் கடனைத் தீர்க்கச் சங்கத்துத் தறியை அவருக்கே ஓட்டும்படி நேர்ந்துவிடுமோ என்பதுதான் அவ்வீட்டின் பெரிய கவலை. கால் வலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்தப் பத்திரிகையில் வைத்தியம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நான் வைத்தியன் அல்லன். ஆயினும் தேர்ந்த வைத்தியர்கள் ஒத்துக்கொண்டிருக்கும் செய்திகள் நம் அங்கத்தினர்களை எட்டாமையினால் வரும் நஷ்டத்தைப் பதிவேட்டில் காண்பவன் நான். அவற்றை எடுத்துச் சொல்வதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

கணுக்கால் என்பது கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் பாதத்தின் உச்சியிலுள்ள எலும்பு ஒன்றும் சேரும் மூட்டு. மேலிருந்து வரும் இரண்டு எலும்புகளும் கவட்டைபோல் இருபுறமும் இறங்கி, பாத எலும்பை நடுவில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நுனிகளே நாம் கரண்டை என்று தொட்டுப் பார்க்கும் புடைப்புகள். இவை விலகிவிடாதபடி இறுக்கிக் கட்டியிருப்பவை, நம்மிடம் பேசும்போது வைத்தியர்கள் ஜவ்வு என்று சொல்லும் இணைப்பு நார்கள். உட்புறத்து நார் அகலமானது, மிக உறுதியானது. வெளிப்புறத்திலோ மூன்று தனித்தனி நார்களே உண்டு. அவற்றில் முன்பக்கத்து நார் எல்லாவற்றிலும் பலங்குறைந்தது. ஆதலால்தான் சுளுக்குகளில் மிகப் பெரும்பாலானவை, பாதம் உட்பக்கமாக மடங்கி வெளிப்புற நார் பாதிக்கப்படுபவையாக இருக்கின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கவட்டைக்குள் அமரும் அந்தப் பாத எலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருக்கிறது. பாதம் தரையில் படிந்து நிற்கும்போது அகன்ற பகுதி கவட்டையை நிரப்பிக்கொள்வதால் மூட்டு அசையாது நிற்கும். விரல்நுனி கீழ்நோக்கும்போது குறுகிய பகுதி அங்கே வந்துவிடுகிறது, மூட்டுத் தளர்ந்துவிடுகிறது. வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கும்போதும், கிணற்றுப் படியில் கால் தேடும்போதும், பஸ் நிற்குமுன் குதிக்கும்போதும், தறிக்குழிக்குள் மிதிகட்டையைத் துழாவும்போதும் நம் பாதம் இருக்கும் நிலை இதுவேயாகும். சமதரையில் நடப்பவனைவிட இறங்குபவனுக்கே சுளுக்கு மிகுதியாக நேர்வதன் காரணம் இதுதான்.

பாவிழைகளோடு பழகியவர்களுக்குச் சுளுக்கின் தரங்களை விளக்குவது எளிது. இழை முறுக்குத் தளர்ந்து சற்று நீண்டுவிடுதல் முதல் தரம். ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். சில இழைகள் அறுந்து சில நிற்பது இரண்டாம் தரம். மூன்று முதல் ஆறு வாரம் வேண்டும். நார் முழுவதும் அறுபடுவது மூன்றாம் தரம். இரண்டு மூன்று மாதங்களும் அதற்கு மேலும் ஆகலாம். அப்போதுங்கூட அறுவைச் சிகிச்சை பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. அறுந்த இழைக்கு நாம் முடிச்சுப் போடவேண்டும். அறுந்த நாரையோ உடம்பே புதிதாக நூற்று இணைத்துக்கொள்கிறது.

ஆனால் அது சுளுக்குத்தானா, எலும்பு முறிவா என்பதை முதலில் நிச்சயித்தாக வேண்டும். இரண்டிலும் வீக்கம் உண்டு. இரண்டிலும் இரத்தம் கட்டிக் கறுக்கும். விரலை அசைக்க முடிகிறதே, ஆகவே எலும்பு முறியவில்லை என்று ஊரில் சொல்வதை நம்பவே கூடாது. முறிந்த காலிலும் விரல்கள் அசையும். கனடா நாட்டில் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் எளிய சோதனை முறையை வெளியிட்டார்கள். இன்று உலகின் பல நாடுகளில் அது கையாளப்படுகிறது. கணுக்காலில் வலியுள்ளவரின் இரண்டு கரண்டைகளையும், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர்வரை பின்விளிம்பில் எலும்பின்மீதே விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். அந்த இடத்தில் வலித்தால் எக்ஸ்ரே அவசியம். நடுப்பாதத்தில் வலியிருந்தால், பாதத்தின் வெளிவிளிம்பில் ஏறக்குறைய நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள்வளைவின் உச்சியிலுள்ள எலும்பையும் அவ்வாறே பார்க்கவேண்டும். இவையன்றி, அடிபட்ட உடனேயும் பிறகு பரிசோதிக்கும்போதும் நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடியாதவருக்கும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லையெனில் கவனிக்கத்தக்க முறிவு இருப்பது மிக அரிது. நம் நெசவாளர் நான்கு அடி நடக்கவே இல்லை. அவரைத் தோளில் தாங்கித் திண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றே இதனை அறிந்தவர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் நான்கு வாரம் வீணாகியிராது.

இந்தச் சோதனையை நம்பி இருந்துவிடக் கூடாத சிலர் உண்டு. மது அருந்தியிருப்பவருக்கு வலி சரியாகத் தெரியாது. சிறுவர்களுக்கு நாரைவிட எலும்பின் வளர்நுனியே பலங்குறைந்தது. ஆகவே அவர்களை வைத்தியரிடம் காட்டிவிடுவதே நலம். நீரிழிவு நோயினால் பாதம் மரத்துப்போனவர்கள் மூன்றாமவர். அவர்களுக்கு எலும்பு நொறுங்கியிருந்தாலும் வலி இராது. அடிபட்டதாக நினைவே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருக்குமானால், அதனைச் சுளுக்கு என்று நடந்துகொண்டே இருப்பது பாதத்தையே இழக்கச் செய்யக்கூடும். மூட்டு உருமாறித் திரும்பியிருந்தாலும், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும், விரல்கள் வெளுத்தோ நீலம்பாரித்தோ சில்லிட்டாலும் எந்தச் சோதனைக்கும் காத்திராமல் 108 வண்டியை அழைக்கவேண்டும்.

இனி உருவிவிடுதலைப் பற்றி. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாயிருக்கும் என்பதை அறிவேன். ஊர்தோறும் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் பணம் கேட்காமல் செய்யும் நல்லவர். ஆயினும் அடிபட்ட முதல் மூன்று நாளில் அறுந்த நார்களிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. அப்போது எண்ணெயிட்டு அழுத்தி உருவுவதும் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் கசிவையும் வீக்கத்தையும் மிகுதியாக்கும். மிஞ்சியிருக்கும் இழைகளையும் அறுக்கலாம். காலைப் பிடித்துச் ‘சொடுக்கு’ எடுப்பது இதனினும் கேடு. புளிப்பற்றும் மஞ்சட்பற்றும், கொதிக்கக் கொதிக்கப் போடாமலும் காயமில்லாத தோலிலும் இட்டால், பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால் அவற்றை நம்பி நாட்களைக் கடத்துவதுதான் தீங்கு. மூங்கிற்பத்தை வைத்து இறுகக் கட்டுவதிலும் அபாயம் உண்டு. வீக்கம் ஏற ஏறக் கட்டு இறுகி இரத்த ஓட்டம் நின்றுவிடுமாயின் காலையே எடுக்கவேண்டிய நிலை வரும்.

செய்யவேண்டியவை எளியவை. அந்த நிமிஷமே வேலையை நிறுத்தி உட்காரவேண்டும். ‘இந்த ஒரு முழத்தை முடித்துவிட்டு’ என்பது கூடாது. காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேல், தலையணைமீது உயர்த்தி வைக்கவேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வைக்கலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முதல் இரண்டு நாள் செய்தால் வலி குறையும். அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின் 1978-இல் எழுதிய நூலின்வழியே ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என்னும் நால்வகை முறை உலகெங்கும் பரவியது. அவரே 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே மறுத்துரைக்கும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை. ஆகவே பனிக்கட்டி வலியைக் குறைக்கும் அளவோடு போதும். மருந்துக்கடையில் விற்கும் கிரேப் துணிக்கட்டை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றவேண்டும், விரல் மரத்தால் உடனே தளர்த்தவேண்டும், உறங்கும்போது எடுத்துவிடலாம். வலிமாத்திரை வேண்டுமாயின், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே விழுங்காமல் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

இரண்டு மூன்று நாள் கழிந்தபின் நம்மவர் செய்யும் பிழை இதற்கு நேர்மாறானது. காலை அசைக்காமலே படுத்துவிடுகிறார்கள். புதிதாக நூற்கப்படும் நார், அளவான இழுவை இருந்தால்தான் ஒரே திசையில் வரிசையாக அமையும். இழுவையற்றால் சிக்குப்பிடித்த நூல்போல் தாறுமாறாகப் படியும். எனவே எலும்பு முறியவில்லை என்று நிச்சயமானபின், வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கத் தொடங்கவேண்டும். உட்கார்ந்தபடியே பெருவிரலால் காற்றில் அகர வரிசையை எழுதிப் பழகலாம். நம் எழுத்துகளின் சுழிகள் இதற்கு மிகவும் ஏற்றவை! பாதத்தை மேலும் கீழும் அசைப்பதே முதலில் வேண்டப்படும் பயிற்சியாதலால், லேசான சுளுக்குள்ள நெசவாளர் ஒரு வாரத்துக்குப்பின் அரைமணி அரைமணியாக மிதிகட்டையை மிதிப்பதில் தடையில்லை. வலி கூடினால் நிறுத்திவிடவேண்டும். அவருக்கு ஆபத்து மிதிப்பதில் இல்லை, குழியில் இறங்கி ஏறுவதில்தான். விவசாயியின் நிலை வேறு. சேறும் வரப்பும் பாதத்தை எப்பக்கமும் புரட்டுமாதலால், சமதரையில் வலியின்றி விரைந்து நடக்க முடிந்த பின்னரே அவர் வயலில் இறங்கவேண்டும்.

வலி நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்குவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ‘என் கால் ராசி அப்படி’ என்பார்கள். ராசி ஒன்றுமில்லை. 1965-இல் இங்கிலாந்தில் ஃப்ரீமன் என்னும் வைத்தியரும் அவருடன் இருந்தவர்களும் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். பாதம் எப்பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு நுனிகள் அந்த நார்களில் இருக்கின்றன. நார் அறும்போது அவையும் சேதமடைகின்றன. பாதம் சாயத் தொடங்கியதைக் கால் தாமதமாக அறிகிறது, அதற்குள் மடங்கிவிடுகிறது. ஆடும் பலகைமீது நின்று சமநிலை பழகியவர்களுக்கு இத்தொல்லை குறைந்ததை அவர்கள் கண்டார்கள். நெதர்லாந்தில் அண்மையில் சுளுக்கு நேர்ந்த 522 விளையாட்டு வீரர்களைக்கொண்டு நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், வழக்கமான சிகிச்சையோடு வீட்டிலேயே 8 வாரம் சமநிலைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு மறுசுளுக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது.

இதற்குப் பலகைகூட வேண்டியதில்லை. சுவர் எட்டும் தூரத்தில் ஒற்றைக்காலில் அரை நிமிஷம் நிற்கவேண்டும். அது எளிதானபின் கண்ணை மூடிக்கொண்டும், அதுவும் எளிதானபின் நான்காய் மடித்த சமுக்காளத்தின்மேலும் நிற்கவேண்டும். பல் துலக்கும் நேரத்தில் இருகாலுக்கும் மாறிமாறிச் செய்தால் தனியே நேரம் ஒதுக்க வேண்டாம். குதிகாலை உயர்த்தி இறக்குவதை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் விடாமல் செய்தபின்னும் கால் அடிக்கடி மடங்குமாயின் எலும்பு வைத்தியரிடம் காட்டவேண்டும். வேலை நேரத்தில் கணுக்கால் உறை அணிவது நல்ல துணை.

தடுப்பைப் பொறுத்தவரை, தறிக்கூடங்களில் நான் கண்ட குறைகள் செலவில்லாமல் தீர்க்கக்கூடியவை. பல வீடுகளில் தறிக்குழிக்குப் படியே இல்லை. விளிம்பு மண் சரிந்து வழுக்குகிறது. நடுவில் ஒரு கல்படியும், ஏறும்போது பிடித்துக்கொள்ள மேற்சட்டத்திலிருந்து தொங்கும் கயிறும் போதும். குழிக்குள் உருண்டுகிடக்கும் தார்க்குச்சிகளை மாலையிலேயே பொறுக்கிவிடவேண்டும். இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் விவசாயி கைவிளக்கைக் காலுக்கு முன்னே காட்டவேண்டும்; தலைச்சுமையோடு வரப்பிலிருந்து குதிக்கக் கூடாது; மூட்டையை இறக்கிவைத்துவிட்டு இறங்கி, பிறகு எடுத்துக்கொள்ளவேண்டும். சங்க அலுவலகத்து முதலுதவிப் பெட்டியில் இரண்டு கிரேப் கட்டுகள் இருப்பது நிர்வாகக் குழுவுக்குப் பெருஞ்செலவு ஆகாது. பல சங்கங்களில் பெட்டி இருக்கிறது. உள்ளே பழைய ரசீதுப் புத்தகங்கள் இருக்கின்றன.

அந்த அங்கத்தினருக்கு மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது. சென்ற முறை நான் போனபோது அவர் தறியில் அமர்ந்திருந்தார். நின்றுபோன பாவை அறுத்திறக்கி ஒப்படைத்து, அடுத்ததற்கு நூல் வாங்கியிருந்தார். கைமாற்றில் பாதி இன்னும் நிற்கிறது. குழியின் ஓரத்தில் கல்படி போட்டிருந்தார். கயிறு மட்டும் இன்னும் கட்டவில்லை. கேட்டதற்கு, “இந்தப் பாவு முடியட்டுங்க” என்றார். நான் கிளம்புவதற்குமுன் அவர் மனைவி பரணிலிருந்து ஒரு தாம்புக்கயிற்றை எடுத்துவந்து என்னிடமே கொடுத்தார். மேற்சட்டத்தில் கட்டிவிட்டு வந்தேன்.