கோப்ளினுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆங்கில மாயப் புனைகதை ஒன்றைச் சிறுவர்களுக்காகத் தமிழாக்கி வரும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தார். 'கோப்ளின்' என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டதாம். குறளி, குட்டிச்சாத்தான், பூதம் ஆகிய மூன்றில் எதை இடலாம் என்று கேட்டார். பொருளாதாரம் கற்பித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிரித்தேன். பிறகு யோசித்தபோது அத்தனை எளிதாகச் சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

கோப்ளின் என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 12-ஆம் நூற்றாண்டில் நார்மண்டியில் வாழ்ந்த துறவி ஓர்டெரிக் விட்டாலிஸ், எவ்ரோ நகரில் உலவிய பேய் ஒன்றுக்கு மக்கள் இட்ட பெயராக 'கோபெலினுஸ்' என்பதைக் குறிப்பிடுகிறார். ஜெர்மானியரின் 'கோபோல்ட்' இதற்கு உறவு என்பாரும் உண்டு. நல்ல உலோகம் என நம்பி உருக்கிய கனிமத்திலிருந்து நச்சுப்புகை கிளம்பியபோது, அது கோபோல்டின் வேலை என்றனர் சுரங்கத் தொழிலாளர். இன்று நம் கைப்பேசி மின்கலங்களில் உள்ள கோபால்ட் உலோகத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே.

டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'ஹாபிட்' நாவலில் கோப்ளின்கள் மலைக்குடைவுகளில் வாழும் கொடியோர். 1997-இல் தொடங்கிய ஹாரி பாட்டர் கதைகளில் அவர்கள் வங்கி நடத்துகின்றனர். குட்டை உருவம், நீண்ட விரல்கள், பொன்மீது பற்று ஆகியவை ஐரோப்பாவில் யூதர்களை இழிவுபடுத்தி வரையப்பட்ட சித்திரங்களை நினைவூட்டுவதாகக் கண்டனம் எழுந்தது. எழுதியவரின் எண்ணம் எதுவாயினும், கற்பனை உயிருக்கு நாம் கொடுக்கும் உருவம் பெரும்பாலும் யாரோ ஒரு மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டதே.

தமிழும் இதற்கு விலக்கல்ல. குறள் என்றால் குறுமை. ஈரடி வெண்பாவுக்குப் பெயர் தந்த அதே சொல்தான் குறளிக்கும் வேர். உயரம் குறைந்த மனிதரையும் குறள் என்றே அழைத்தனர். சிலப்பதிகார அரண்மனையில் கூனரும் குறளரும் பணியாளர்கள். 147 சென்டிமீட்டருக்கு மேல் வளராதவர்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்படிப்பட்ட ஒரு குழந்தையும் இந்தக் கதையைப் படிக்கக்கூடும் அல்லவா?

எங்கள் ஊரில் ரயிலேறினால் தெற்கே சிதம்பரம். அங்கே ஆடவல்லானின் காலடியில் கிடக்கும் குறள் உருவம் முயலகன். வலிப்பு நோய்க்கும் முயலகன் என்றே பெயர். கொல்லிமழவனின் மகளுக்கு வந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் நீக்கியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. வடமொழியில் அபஸ்மாரம் என்ற சொல்லும் அவ்வாறே நோயையும் அசுரனையும் சேர்த்தே சுட்டும். பெயரில் தொடங்கிய அச்சம் சட்டம் வரை நீண்டது: இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு நோய் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. என் வகுப்பில் பயின்ற ஒரு மாணவி, மருந்து உட்கொள்வதை விடுதித் தோழியருக்குக்கூடத் தெரியாமல் மூன்றாண்டுகள் மறைத்து வைத்திருந்தார்.

குட்டிச்சாத்தானை விரைவாகக் கடந்துவிடலாம். சாத்தன் என்பது சங்க காலத்தில் மதிப்புக்குரிய மனிதப் பெயர். மணிமேகலை தந்தவரும் சாத்தனாரே. விவிலியத்துச் சாத்தானோடு ஒலி ஒத்துப்போனதால் இன்று படிப்பவர் மனத்தில் இரண்டும் குழம்பும்.

எஞ்சுவது பூதம். 'உளதாகியது' என்பதே அதன் வேர்ப்பொருள்; நிலமும் நீரும் பூதங்கள்தாம். யாருடைய உடலையும் அது சுட்டவில்லை. புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொன்னவரையும், அரசனுக்கு இரண்டகம் செய்த அமைச்சரையும், போலித் துறவியரையும் கயிற்றால் கட்டிப் புடைத்து உண்ணும். அதே நகரின் வெள்ளிடை மன்றத்தில் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் காவலின்றிக் கிடந்தன. திருட முயன்றவன் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். நம்பிக்கை இன்றி வணிகம் இல்லை என்று நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியதை இளங்கோவடிகள் முன்பே பூதத்திடம் ஒப்படைத்திருக்கிறார். வங்கி நடத்தும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

மாணவர் தயங்கினார். பூதம் என்றதும் பிள்ளைகள் அலாவுதீன் விளக்கிலிருந்து எழும் மலைபோன்ற உருவத்தைத்தான் நினைப்பார்கள் என்றார். நியாயமான தடைதான். சோழர் காலக் கோயில்களின் கூரைவிளிம்புக்குக் கீழே குழல் ஊதியும் தாளமிட்டும் வரிசையாக அமர்ந்திருக்கும் சிறு பூதகணங்களைப் படமெடுத்து ஓவியரிடம் கொடுக்கச் சொன்னேன். சென்ற வாரம் முதல் ஓவியம் வந்தது. பூதத்தின் கையில் குழலுக்குப் பதிலாகக் கணக்குப் புத்தகம் இருக்கிறது.